ஃப்ளூ வந்தால் மாஸ்ட் செல் நுரையீரலைக் கெடுத்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே இளைப்புத் தொந்தரவு உண்டு. முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வரும். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. பரிசோதித்துப் பார்த்து 'இன்ஃப்ளுயன்சா ஏ' என்று சொன்னார்கள். இரண்டு நாள் நெபுலைசர் வைத்து, ஐந்து நாள் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பிடுகிறான், விளையாடுகிறான். இருமல் மட்டும் நிற்கவில்லை. இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஒவ்வாமை உள்ளவர்கள் உடம்பில் 'மாஸ்ட் செல்' அதிகமாம். ஃப்ளூ கிருமி பட்டால் அது வெடித்து நுரையீரல் புண்ணாகிவிடுமாம். தினமும் செட்ரிசின் கொடுத்தால் வெடிக்காதாம். வேப்பந்தட்டையில் இருக்கும் என் நாத்தனார், "இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது, அதுதான் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டது, நிறுத்து" என்றார். பயந்து போய் நிறுத்திவிட்டேன். தடுப்பூசி போடலாம் என்றால் அது முட்டையில் செய்வதாமே? ராத்திரியெல்லாம் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் சொல்லுங்கள் டாக்டர்.

– ச.மு., செந்துறை, அரியலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் நிம்மதியாக இருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் உங்கள் மகனின் நுரையீரல் பாழாகிவிட்டது என்பதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. காய்ச்சல் விட்டு, பசியெடுத்துச் சாப்பிட்டு, ஓடி விளையாடும் பிள்ளை தேறிவிட்ட பிள்ளை. ஃப்ளூவுக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுத்துக்கொண்டு போவது மிகச் சாதாரணம். இளைப்பு உள்ள குழந்தைக்கு அது இன்னும் சற்று நீளலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நிறுத்திவைத்த இன்ஹேலரை, உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த அதே அளவில், இன்று இரவே மறுபடி தொடங்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மாஸ்ட் செல் அல்ல, நிறுத்தப்பட்ட அந்த இன்ஹேலர்தான்.

இப்போது மாஸ்ட் செல்லுக்கு வருவோம். அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. எது உண்மை, எது அதன் மேல் ஏற்றிவைத்த பயம் என்று நீங்கள் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாஸ்ட் செல் (ஒவ்வாமையைக் கிளப்பும் தற்காப்புச் செல்) உங்கள் மகனிடம் மட்டும் இருப்பதல்ல, உங்களிடமும் என்னிடமும் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தின் வழியாகப் பயணம் செய்து, தோலிலும் குடலிலும் மூச்சுக் குழாயிலும் போய்த் தங்கி, அங்கேயே முதிர்ச்சி அடைகிறது. வெளியுலகம் நம் உடம்பைத் தொடும் இடங்களில்தான் இது அதிகம். ரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டியே உட்கார்ந்திருக்கும். 1878-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர், மருத்துவ மாணவராக எழுதிய ஆய்வேட்டில் திசுக்களுக்குச் சாயம் ஏற்றி இதை அடையாளம் கண்டு பெயரிட்டார். இன்றும் ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்க்கும் வழிகளில் ஒன்று அது. டொலுயிடின் புளூ என்ற நீலச் சாயத்தை ஊற்றினால் மற்ற செல்கள் எல்லாம் வெளிர்நீலமாகத் தெரியும். மாஸ்ட் செல் மட்டும் செம்மை கலந்த ஊதாவாக மாறிவிடும். அதன் உள்ளே நுண்துகள்கள் அவ்வளவு நெருக்கமாக நிறைந்திருக்கும், நடுவிலுள்ள உட்கருவே சரியாகத் தெரியாது.

அந்தத் துகள்களில்தான் விஷயம் இருக்கிறது. ஹிஸ்டமின் (அரிப்பு, வீக்கம், நீர்க்கசிவை உண்டாக்கும் பொருள்), ட்ரிப்டேஸ், கைமேஸ் (புரதங்களை வெட்டும் நொதிகள்) எல்லாம் அதில் தயாராக இருக்கின்றன. உங்கள் மகன் முட்டை சாப்பிட்டதும் தோல் தடிக்கிறதே, அது தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியே விடுவதால் வருவது. துகள்களை விட்ட பிறகு லியூகோட்ரையீன் (மூச்சுக் குழாயைச் சுருக்கும் பொருள்), சைட்டோகைன் (தற்காப்புச் செல்களைக் கூப்பிடும் செய்திப் பொருள்) ஆகியவற்றையும் இது புதிதாகச் செய்து அனுப்பும்.

'வெடிக்கும்' என்று அந்தச் செய்தியில் இருப்பது தவறு. மாஸ்ட் செல் வெடித்துச் செத்துப் போவதில்லை. துகள்களை வெளியே தள்ளிவிட்டு உயிரோடுதான் இருக்கும். பிறகு மெல்ல மெல்ல மறுபடி துகள்களைச் சேர்த்துக்கொள்ளும். இது கெட்ட செல்லும் அல்ல. குடல் புழுக்களை எதிர்க்கவும், புதிதாக நுழையும் கிருமியைப் பற்றி மற்ற செல்களுக்குத் தகவல் சொல்லவும் உடம்பு இதை வைத்திருக்கிறது. தேனீ விஷத்தையும் சில பாம்புகளின் விஷத்தையும்கூட இதன் நொதிகள் சிதைத்துத் தணிக்கின்றன என்று 2006-இல் எலிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. இப்படிப்பட்ட ஒன்றை முழுக்க அடக்கி வைக்க வேண்டும் என்று நினைப்பதே சரியான தொடக்கம் அல்ல.

சரி, ஃப்ளூ வரும்போது இது என்ன செய்கிறது? இன்ஃப்ளுயன்சா வைரஸ் மூக்கு, தொண்டை வழியாக நுழைந்து மூச்சுக் குழாயின் உள்தோல் செல்களில் ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு ஹீமக்ளூட்டினின் என்ற புரதம். உள்ளே போய்ப் பெருகிய பிறகு வெளியே வந்து பரவுவதற்கு நியூராமினிடேஸ் என்ற நொதி. எச்1என்1, எச்3என்2 என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த 'எச்'சும் 'என்'னும் இவைதான். கிருமி புகுந்து ஓரிரு நாளில், அதிகம் போனால் நான்கு நாளில், காய்ச்சலும் உடம்பு வலியும் தொடங்கிவிடும். இந்த உள்தோலுக்கு நேர் கீழே மாஸ்ட் செல் இருக்கிறது. மேலே இருக்கும் செல்கள் சிதைந்து விடும் ரசாயனச் செய்தியும் அதற்குக் கிடைக்கிறது, வைரஸும் நேரடியாக அதற்குள் நுழைகிறது.

2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான பரிசோதனை செய்தார்கள். பிறவியிலேயே மாஸ்ட் செல் இல்லாத எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் ஒரே இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸைக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளுக்கு நோய் கடுமையாக வந்து நுரையீரலில் அழற்சி (வீங்கிச் சிவந்து நீர் கோர்க்கும் நிலை) அதிகமாயிற்று. மாஸ்ட் செல் இல்லாத எலிகள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில், மனிதர்களிடமிருந்து எடுத்த எச்1என்1, எச்3என்2, இன்ஃப்ளுயன்சா பி வைரஸ்களும் மாஸ்ட் செல்லைத் தூண்டின. வைரஸின் மரபுப்பொருளை ரிக்-ஐ என்ற உணர்வி (செல்லுக்குள் இருந்து வைரஸைக் கண்டுபிடிக்கும் புரதம்) கண்டுகொண்டதும் சைட்டோகைன்கள் புறப்படுகின்றன என்பதும் அப்போது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது, அதை நான் நல்ல செய்தி என்றே சொல்வேன்: மாஸ்ட் செல்லுக்குள் புகுந்த வைரஸ் அங்கே பெருகவில்லை. அதே ஆண்டு மனித மாஸ்ட் செல்களை வைத்து நடந்த வேறோர் ஆய்விலும் புதிய வைரஸ் மிகக் குறைவாகவே உருவானது. அதாவது மாஸ்ட் செல் வைரஸுக்கு விளைநிலம் ஆவதில்லை. அது கிளப்பும் கலவரம்தான் சிக்கல்.

இதை உங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கத்தில் சொல்கிறேன். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றியை விரட்ட ராத்திரிக் காவல் இருந்து வெடி போடுவார்கள். சத்தத்தில் பன்றியும் ஓடும், பக்கத்துக் காட்டுக்காரர்களும் விழித்துக்கொள்வார்கள். மழை ஈரம் இருக்கும்வரை அந்த வெடியால் கெடுதல் இல்லை. தட்டை காய்ந்து சருகாகக் கிடக்கும்போது அதே வெடியின் பொறி காட்டையே பற்றவைக்கலாம். மாஸ்ட் செல் கிளப்பும் எச்சரிக்கையும் அப்படித்தான். அமைதியாக இருக்கும் மூச்சுக் குழாயில் அது நன்மை, முன்பே அழற்சியில் இருக்கும் மூச்சுக் குழாயில் அது தொந்தரவு. எனவே நாம் செய்ய வேண்டியது காவல்காரரைப் பிடித்துக் கட்டிப்போடுவது அல்ல. காடு காயாமல் பார்த்துக்கொள்வதுதான்.

உங்கள் மகன் போன்ற இளைப்புக் குழந்தைகளிடம் இது ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஆஸ்துமா (மூச்சுக் குழாய் அடிக்கடி சுருங்கும் நோய்) உள்ளவர்களின் மூச்சுக் குழாயில், மற்றவர்களுக்கு இல்லாத ஓரிடத்தில், அதாவது குழாயைச் சுற்றியிருக்கும் தசைக்குள்ளேயே, மாஸ்ட் செல்கள் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். எத்தனை செல் இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. தசைக்குள் இருந்துகொண்டு ஹிஸ்டமினும் லியூகோட்ரையீனும் விட்டால் தசை இறுகும், குழாய் சுருங்கும், வீசிங் சத்தம் கேட்கும். அவனுக்கு நெபுலைசர் வைக்க வேண்டி வந்தது இதனால்தான். அது மூச்சுக் குழாய் சுருங்கிய நிலை. மருந்தைக் கொடுத்தால் விரியக்கூடியது. நுரையீரல் புண்ணானதன் அடையாளம் அல்ல.

இங்கேதான் இன்ஹேலர் வருகிறது. உங்கள் நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்னது சரியல்ல. உறிஞ்சும் ஸ்டீராய்டு மிகச் சிறிய அளவில் நேராக மூச்சுக் குழாய்க்குப் போய் அங்கிருக்கும் அழற்சியைத் தணிக்கிறது. ஃப்ளூவை அது வரவழைப்பதில்லை. ஃப்ளூ வைரஸ் மழைக்காலத்தில் இருமலோடும் தும்மலோடும் பள்ளிக்கூடத்தில் பரவுகிறது, இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கும் வரும், எடுக்காத பிள்ளைக்கும் வரும். 2009-இல் எச்1என்1 உலகம் முழுக்கப் பரவியபோது, பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை ஆராய்ந்து பார்த்தார்கள். ஆஸ்துமா இருந்தவர்கள்தான் அதிகம் செத்திருப்பார்கள் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. மருத்துவமனைக்கு வந்த ஆஸ்துமாக்காரர்களில் தீவிர சிகிச்சை தேவைப்பட்டவர்களும் இறந்தவர்களும், ஆஸ்துமா இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழப் பாதிதான். காரணம் தேடியபோது இரண்டு விஷயங்கள் முன்னால் வந்தன. அவர்கள் ஏற்கெனவே ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்றதும் சீக்கிரமே மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். இளைப்புக் குழந்தையை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும் இந்த இரண்டையும் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்ஹேலரை எடுக்கும் முறையும் முக்கியம். வாயில் வைத்து நேரடியாக அழுத்தினால் பாதி மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிப் போகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஸ்பேசர் (மருந்து புகையாகத் தங்கும் பிளாஸ்டிக் குடுவை) கட்டாயம் வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, உதடு இறுக மூடிக்கொண்டதும் ஒருமுறை அழுத்துங்கள். அவன் ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு இழுத்து விடட்டும். இரண்டாவது அழுத்தம் எழுதியிருந்தால் மறுபடி குலுக்கிவிட்டு அதே போல. கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். இதை உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை அவர்கள் எதிரில் செய்து காட்டுங்கள். மருந்து சரியாக இருந்தும் முறை தவறியதால் இளைப்பு அடங்காத குழந்தைகள் நிறையப் பேர்.

அடுத்தது செட்ரிசின். அது ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் மாத்திரை. தோல் தடிப்புக்கும் மூக்கு ஒழுகலுக்கும் நல்லது. மாஸ்ட் செல் துகள் விடுவதைத் தடுப்பது அதன் வேலை அல்ல. லியூகோட்ரையீன், சைட்டோகைன் எதையும் அது தொடாது. ஃப்ளூ வராமலோ முற்றாமலோ காக்க அதைத் தினமும் கொடுப்பதில் பயனில்லை. சில குழந்தைகளுக்குத் தூக்கக் கலக்கமும் வரும், மூச்சுத் திணறலால் வரும் சோர்வா மாத்திரையால் வரும் சோர்வா என்று புரியாமல் நீங்கள் தடுமாறுவீர்கள்.

மாஸ்ட் செல்லை நிலைநிறுத்தும் மருந்து என்று சொல்லி, கீட்டோட்டிஃபென் சிரப்பை யாராவது கையில் கொடுக்கக் கூடும். 2012-இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் கொடுத்த எலிகளிடம், ஓசெல்டமிவிரோடு (ஃப்ளூ வைரஸைத் தடுக்கும் மருந்து) சேர்த்து கீட்டோட்டிஃபென் கொடுத்தபோது பிழைப்பு கூடியது என்று ஓர் ஆய்வு வந்தது உண்மை. அந்த வாட்ஸ்அப் செய்தியின் வேர் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது எலி, அதுவும் மிகக் கடுமையான பறவைக் காய்ச்சல். உங்கள் மகனுக்கு வந்தது ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வந்து போகும் காய்ச்சல். மனிதர்களின் ஃப்ளூவுக்கு மாஸ்ட் செல் மருந்து கொடுக்கும்படி எந்தச் சிகிச்சை நெறிமுறையும் சொல்லவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், வரவேற்போம். நம் பிள்ளைகளைப் பரிசோதனை எலிகளாக்க வேண்டாம்.

டெங்குவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிலும் மாஸ்ட் செல்லுக்குப் பங்கு உண்டு, அதுவும் ஐப்பசி கார்த்திகையில்தான் அதிகம் வரும். சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதற்கு மாஸ்ட் செல்லும் காரணமாகிறது என்றும், கடுமையான டெங்கு நோயாளிகளின் ரத்தத்தில் கைமேஸ் அளவு உயர்ந்திருக்கிறது என்றும் கண்டார்கள். வீட்டில் இருக்கும் நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மழைக்காலக் காய்ச்சல் ஃப்ளூவா டெங்குவா என்று முதல் நாளில் தெரியாது. எனவே காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். ஃப்ளூவாக இருந்தாலும் ஆஸ்பிரின் குழந்தைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வமான ஒரு நோயைக் கொண்டுவரக் கூடும். மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சல் செட்' என்று பொட்டலம் கட்டித் தருவதை வாங்காதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆன்டிபயாடிக்கும் வைரஸைக் கொல்லாது. 2023 மார்ச்சில் நாடெங்கும் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே, அசித்ரோமைசின் போன்றவற்றைக் கண்டபடி தர வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

வைரஸையே தடுக்கும் மருந்து ஓசெல்டமிவிர். நான் மேலே சொன்ன நியூராமினிடேஸ் நொதியை அது அடைத்துவிடும், வைரஸ் ஒரு செல்லைவிட்டு அடுத்த செல்லுக்குப் போக முடியாது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். வேளைக்கு ஒன்றாகத் தினம் இருவேளை, ஐந்து நாள். உங்கள் மகனுக்குக் கொடுத்த ஐந்து நாள் மருந்து இதுவாகத்தான் இருக்க வேண்டும். மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலில் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். லேசான காய்ச்சல் இருமல் ஏ, அதற்கு ஓய்வும் கண்காணிப்பும் போதும். ஆபத்துக் காரணிகள் உள்ள குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி, நுரையீரல் அல்லது இதயக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு வந்தால் பி பிரிவில் சேர்த்து ஓசெல்டமிவிர் கொடுக்க வேண்டும். மூச்சுத் திணறல் போன்ற ஆபத்து அறிகுறி இருந்தால் சி, மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். இளைப்பு உள்ள உங்கள் மகன் குறைந்தது பி பிரிவு. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்காமல், மறுநாள் காலையிலேயே காட்டிவிடுங்கள். அங்கே போனதும், "இவனுக்கு இளைப்பு உண்டு, போன தடவை ஃப்ளூ வந்தது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

முட்டைக்கும் தடுப்பூசிக்கும் வருகிறேன். பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகளைக் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். சுத்திகரித்த பிறகு அதில் மிஞ்சும் முட்டைப் புரதம் மிக மிக அற்பம். முட்டை ஒவ்வாமை உள்ள ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டுப் பார்த்து, அது பாதுகாப்பானது என்று தெரிந்திருக்கிறது. முட்டை ஒவ்வாமை இருப்பதால் ஃப்ளூ தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பதே இப்போதைய மருத்துவ முடிவு. மாஸ்ட் செல்கள் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் துகள் விட்டால் வரும் அனஃபைலாக்சிஸ் (ரத்த அழுத்தம் இறங்கி மூச்சு அடைக்கும் கடும் ஒவ்வாமை) எந்தத் தடுப்பூசிக்கும் மிக அபூர்வமாக வரக்கூடியது, பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதனால் அட்ரினலின் ஊசி கைவசம் உள்ள மருத்துவமனையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். முட்டைத் தடிப்பு பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்பது வயது நிரம்பாத குழந்தைக்கு முதன்முதலாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒன்று, ஏனென்றால் வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. சென்னை, வேலூர் பகுதிகளில் நடந்த கண்காணிப்பில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது தெரிந்தது. உங்கள் மகனுக்கும் ஐப்பசியில்தானே வந்தது? எனவே அடுத்த ஆண்டு ஆடியில் முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். இந்த ஆண்டே போடலாமா என்று கேட்டால், போடலாம், இருமல் நன்றாக அடங்கிய பிறகு. ஒரு வகை ஃப்ளூ வந்து போனதால் மற்ற வகைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. அரசின் வழக்கமான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். அது சுமைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் இளைப்புக் குழந்தைக்கு அந்தச் செலவைச் செய்யலாம் என்பது என் கருத்து. தடுப்பூசி போட்டும் சிலருக்கு ஃப்ளூ வரும். வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போவது குறையும்.

செந்துறைப் பக்கம் இருக்கிறீர்கள். சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலைப் புழுதி உங்களுக்குப் புதிதல்ல. தை மாதம் மக்காச்சோளம் அடிக்கும்போது கிளம்பும் தூசும் அப்படித்தான். தூசு நேரடியாக ஃப்ளூவைக் கொண்டுவராது, ஆனால் மூச்சுக் குழாயை எரிச்சலிலேயே வைத்திருக்கும். மிஷின் ஓடும் நாளில் களத்துக்கு அவனைக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். சாம்பிராணிப் புகையும் விறகடுப்புப் புகையும் அவன் படுக்கும் அறைக்கு வர வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை மருத்துவமனைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் கபசுரக் குடிநீர் கொடுக்கச் சொன்னால் சித்த மருத்துவரைக் கேட்டு அளவறிந்து கொடுங்கள், அதை நம்பி இன்ஹேலரையோ மருத்துவமனையையோ தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

ராத்திரி முழுக்க மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சரியாகப் பார்க்கச் சொல்லித் தருகிறேன், பிறகு நீங்களும் தூங்கலாம். அவன் அயர்ந்து தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் தெரிகிற மாதிரி விளக்கைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். அவன் வயதில் முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுத்துப் போகிறதா என்று பாருங்கள். இழுக்கவில்லை என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு முப்பதைத் தாண்டினாலோ, விலா இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்தாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே காட்டினாலோ காத்திருக்காதீர்கள். விட்ட காய்ச்சல் இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்து இருமல் கூடினாலும் அப்படியே, அது நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம், வேப்பந்தட்டையில் நாத்தனார் வீட்டில் இருக்கும்போது என்றால் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை. வண்டி வரும்வரை மருத்துவர் முன்பு எழுதிக் கொடுத்த சால்புட்டமால் இன்ஹேலரை (சுருங்கிய குழாயை உடனே விரிக்கும் மருந்து) ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டிருங்கள். அது வேறு, தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் வேறு. இரண்டையும் அடையாளம் தெரிகிற மாதிரி பெயர் எழுதி ஒட்டிவையுங்கள், நீங்கள் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும்.

இருமல் தொடங்கி மூன்று வாரம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது இருமலால் அவன் தூக்கம் கெட்டால், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி இன்ஹேலர் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது இதுவரை கொடுத்த எல்லா மருந்துச் சீட்டுகளையும் இன்ஹேலர், ஸ்பேசர் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.